பழைய பெட்ரோல் பிக்கப் ஸ்டார்ட் ஆகலையா? கரண்ட் எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க

வண்டி நின்ன உடனே கடைக்கு ஓடி காயில் (12 வோல்ட்ட பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்டேஜா ஏத்தற சாமான்) வாங்காதீங்க, பழைய பெட்ரோல் பிக்கப் வச்சிருக்கவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதான். காயில் மாத்தி, கண்டென்சர் மாத்தி, பாயிண்ட் செட் மாத்தி, நாலு பிளக்கும் மாத்திட்டு கடைசில பார்த்தா சாவி சுவிட்சுக்குப் பின்னாடி ஒரு ஒயர் லூசா தொங்கிக்கினு இருக்கும். போனது காசு மட்டும் இல்ல, புதுசா போட்ட சாமான் டூப்ளிகேட்டா இருந்துச்சுன்னா ஒரு கோளாறு ரெண்டு கோளாறாயிடும், அதுக்கப்புறம் எதுன்னு கண்டுபிடிக்க பெரிய மெக்கானிக்கே வந்தாலும் தலைய சொறிஞ்சிக்கினு நிப்பாரு. பேட்டரில கிளம்பற கரண்ட் பிளக் வரைக்கும் ஒரே பாதைல தான் போவுது, அந்தப் பாதைல எந்த எடத்துல நின்னுச்சுன்னு பார்த்துட்டு அத மட்டும் சரி பண்ணா போதும். முக்கியமா, வண்டி நின்னு கிடக்கும்போதே பார்க்கணும், ஆறின பிறகு தானா ஸ்டார்ட் ஆயி வீட்டுக்கு வந்த வண்டில ஒண்ணும் தெரியாது.

நான் சொல்றது பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச பழைய வண்டிக்கு. பாயிண்ட்டு காயில் கரண்ட கட் பண்ணி விடற சுவிட்ச், கண்டென்சர் அந்த பாயிண்ட் கருகாம காக்கறது, டிஸ்ட்ரிபியூட்டர் காயில்ல இருந்து வர்றத ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு விடறது. மஹிந்திரா பெட்ரோல் ஜீப்புக்குப் பின்னாடி தொட்டி கட்டினது, எங்க வேலூர் மாவட்டத்துல அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இன்னும் ஒண்ணு ரெண்டு கண்ணுல படுது, 2199 சிசி ஹரிக்கேன் இன்ஜின். அதுக்கு சொல்ற முறைதான் பெட்ரோல் அம்பாசிடர், பத்மினிக்கும், அளவு மட்டும் கொஞ்சம் மாறும். டாடா 207, பொலிரோ பிக்கப் மாதிரி டீசல் வச்சிருக்கவங்க இத படிச்சு பிரயோஜனம் இல்ல, டீசல்ல பொறி கிடையாது, காத்த அழுத்தற சூட்டுல தானா எரியுது. உங்களுக்கு பேட்டரி, இன்ஜின சுத்தி விடற செல்ஃப் மோட்டார், அதுக்கு கரண்ட் விடற சொலினாய்டு, ஹீட்டர் பிளக், டீசல் லைன்ல காத்து, இந்த வரிசைல போங்க.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு 12 வோல்ட் சின்ன பல்பு, இண்டிகேட்டர் பக்கத்துல பார்க்கிங்குக்கு போடுவாங்களே அந்த 5 வாட்ஸ் பல்பு போதும், அதுல ரெண்டு ஒயர் இழுத்து முனைல கிளிப் போட்டுக்கோங்க, இதான் டெஸ்ட் லேம்ப். அப்புறம் ஒரு சாதா மல்டிமீட்டர், கேப் அளக்கற ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், பாயிண்ட் தேய்க்கிற மெல்லிசு அரம், நல்லா வேலை செய்யற பழைய பிளக் ஒண்ணு. மீட்டர் இல்லன்னாலும் பரவாயில்ல, டெஸ்ட் லேம்ப் இல்லாம மட்டும் இந்த வேலைக்குப் போகாதீங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி கியர நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து சக்கரத்துக்கு கல்லு வைங்க. தோள்ல துண்டு போட்டுக்கினு ஓடற ஃபேன் பெல்ட் மேல குனியாதீங்க. பிளக் ஒயர்ல வர்றது ஆயிரக்கணக்கான வோல்ட், பழைய ஆளுங்க வெறும் கைல ஒயர புடிச்சு காட்டுவாங்க, அது வீரம் இல்ல, ஒதறினதுல கை ஃபேன்ல போய் மாட்டும். நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவங்க ஓடற இன்ஜின் கிட்டயே வரவேணாம். கார்புரேட்டர்ல பெட்ரோல் வழிஞ்சிருந்தா நல்லா துடைச்சு, ஆவி போற வரைக்கும் இருந்துட்டுதான் ஸ்பார்க் பார்க்கணும், இதுல மட்டும் அவசரம் வேணாம்.

இப்ப சாவிய திருப்புங்க. செல்ஃப் நல்லா வேகமா சுத்துதா? இழுத்து இழுத்து சுத்துச்சுன்னா, இல்ல டக்குனு ஒரு சத்தம் மட்டும் வந்து நின்னுச்சுன்னா, பிளக்க விட்டுடுங்க, அது பேட்டரி இல்லன்னா டெர்மினல் இல்லன்னா எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்கு திரும்பற பாதை. நல்லா சார்ஜ் இருக்கற பேட்டரி சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், 12.2ன்னா பாதிதான் இருக்குது, செல்ஃப் சுத்தும்போது 9.6க்கு கீழ போச்சுன்னா பேட்டரிய சந்தேகப்படலாம். பேட்டரி வீக்கா இருந்தா செல்ஃபே எல்லா கரண்டையும் இழுத்துக்கும், காயிலுக்கு மிச்சம் வராது, அதனால ஸ்பார்க் இல்லாத மாதிரியே தெரியும். நிறைய பேர் ஏமாறது இங்கதான். இன்ஜின்ல இருந்து சேஸுக்கு போற பட்டை ஒயரும் பாருங்க, துரு ஏறி நூல் நூலா நிக்கும், அத யாரும் கண்டுக்கறதே இல்ல.

செல்ஃப் ஜோரா சுத்துது, வண்டி மட்டும் எடுக்கலன்னா, மறைச்சு வச்ச கட் ஆஃப் சுவிட்ச் எதாவது இருக்கான்னு மொதல்ல கேளுங்க. திருட்டு பயத்துல சீட்டுக்கு அடியில, டேஷ்போர்டுக்கு கீழ ஒண்ணு வச்சிருப்பாங்க, கை மாறி கை மாறி வந்த வண்டில அது இருக்கறது ஓனருக்கே தெரியாது, முட்டி பட்டு ஆஃப் ஆயிருக்கும். அப்படியே எலி ஒயர கடிச்சிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க, நெல்லு மூட்டை, வேர்க்கடலை மூட்டை ஏத்தற வண்டி, ராத்திரி தோட்டத்துல நிக்கற வண்டின்னா கண்டிப்பா பார்க்கணும்.

அடுத்தது பெட்ரோலா கரண்டான்னு பிரிக்கணும். கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சுட்டு ஒரு பிளக்க கழட்டிப் பாருங்க. முனை நனைஞ்சு பெட்ரோல் வாசனை தூக்குதுன்னா பெட்ரோல் வந்துட்டுது, கொளுத்தறதுக்குத்தான் ஆள் இல்ல. காய்ஞ்சு போய் கிடந்தா பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க. ஆனா இத மட்டும் வச்சு முடிவு கட்டிடாதீங்க, ஸ்பார்க் கண்ணால பார்த்துடுங்க. கைல இருக்கற நல்ல பிளக்க ஒரு பிளக் ஒயர்ல சொருகி, பிளக்கோட இரும்பு உடம்பு இன்ஜின் பிளாக்க நல்லா தொடற மாதிரி, கழட்டின பிளக் ஓட்டைக்கு தூரமா வைங்க, இல்லன்னா அதுல வர்ற பெட்ரோல் ஆவி பத்திக்கும். ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வெள்ளை கலந்த நீலத்துல பட் பட்னு சத்தத்தோட அடிச்சா நல்ல ஸ்பார்க். மஞ்சளா, ஆரஞ்சா, நூல் மாதிரி மெலிசா வந்தா வீக். வெயில்ல சரியா தெரியாது, துண்ட மேல பிடிச்சு நிழல் பண்ணிப் பாருங்க.

ஸ்பார்க் இல்லன்னா இனிமே சொல்றதுதான் முக்கியமான எடம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு நடுவுல காயில்ல இருந்து ஒரு தடி ஒயர் வருதில்ல, அத மூடில இருந்து உருவி அதே டெஸ்ட் பிளக்குல மாட்டி, பழையபடி எர்த்ல வச்சு செல்ஃப் அடிங்க. இங்க ஸ்பார்க் வருது, பிளக் ஒயர்ல வரலன்னா காயில், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் தப்பிச்சுது, கோளாறு மூடி, அதுக்குள்ள சுத்தற ரோட்டர், பிளக் ஒயர் மூணுல ஒண்ணு. இங்கயே வரலன்னா கோளாறு அதுக்கு முன்னாடி, அதாவது 12 வோல்ட் பக்கம். இந்த ஒரு டெஸ்ட்ல பாதி வண்டிய ஒதுக்கிடலாம், ரெண்டு நிமிஷ வேலை, ஆனா இத பண்ணாமலே சாமான் மாத்தறவங்கதான் ஜாஸ்தி.

மூடி பக்கம்னா மூடிய கழட்டி உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு கருப்பு கோடு ஓடியிருந்தா மூடி அவுட்டு, துடைச்சாலும் போகாது. நடுவுல இருக்கற கரி முனை ஸ்பிரிங்ல உள்ள போய் வெளிய வரணும், அது தேய்ஞ்சோ உடைஞ்சோ இருந்தா ரோட்டருக்கு கரண்ட் போகாது. ரோட்டர்ல மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தா கரண்ட் அது வழியா தண்டுல இறங்கி எர்த் ஆயிடும், கண்ணுக்கு சட்டுனு தெரியாது, சந்தேகம்னா வேற ரோட்டர் போட்டுப் பாருங்க, விலை கம்மிதான். ஒயர் கழட்டறப்ப ஒவ்வொண்ணா கழட்டுங்க, இல்லன்னா டேப் ஒட்டி நம்பர் போட்டுக்கோங்க, மொத்தமா உருவிட்டு அப்புறம் சிலிண்டர் எரியற 1-3-4-2 வரிசைய மாத்திப் போட்டா வண்டி கார்புரேட்டர் வழியா படார் படார்னு திருப்பி அடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல காலைல மட்டும் எடுக்க மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் மூடிக்குள்ள ஈரம்தான், காய்ஞ்ச துணில உள்ளயும் வெளியயும் துடைச்சு போட்டா போதும். இன்னும் சந்தேகம் தீரலன்னா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு இன்ஜின ஓட விட்டு பானட்ட திறந்து பாருங்க, கரண்ட் கசியற ஒயர் இருட்டுல நீலமா மினுக்கும்.

12 வோல்ட் பக்கம்னா டெஸ்ட் லேம்ப எடுங்க. ஒரு கிளிப் இன்ஜின் எர்த்ல, சாவி ஆன்ல. இன்னொரு கிளிப்ப காயிலோட பாசிட்டிவ்ல வைங்க, பழைய லூகாஸ் காயில்ல எஸ்டபிள்யூன்னு எழுதியிருக்கும். எரியலன்னா காயில தொடாதீங்க, கரண்டே அதுவரைக்கும் வரல, சாவி சுவிட்ச், ஃபியூஸ், நடுவுல யாரோ முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட், அம்மீட்டர் டெர்மினல், இப்படி பின்னாடியே போங்க. எரியுதுன்னா கிளிப்ப நெகட்டிவ்ல மாத்துங்க, பழைய லூகாஸ்ல அதுக்கு சிபின்னு எழுதியிருக்கும். இப்ப மூடிய கழட்டி, இன்ஜின கையால சுத்தி பாயிண்ட் திறந்து மூடறத பாருங்க. பாயிண்ட் திறந்தா லேம்ப் எரியணும், மூடினா அணையணும். அப்படி ஆச்சுன்னா பாயிண்ட் நல்லா கட் பண்ணுது, கோளாறு காயில் இல்லன்னா கண்டென்சர். பாயிண்ட் மூடியும் எரிஞ்சிக்கினே இருந்தா பாயிண்ட் மூஞ்சில அழுக்கோ எண்ணெயோ இருக்குது, இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டர் தட்டுக்கு எர்த் இல்ல. பாயிண்ட் திறந்தும் எரியலன்னா காயிலுக்கு உள்ள சுத்து அறுந்திருக்கணும், இல்லன்னா பாயிண்ட் ஒயர் எங்கயோ பாடில உரசுது, இல்லன்னா கண்டென்சர் ஷார்ட். காயில் நெகட்டிவ்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற ஒயர கழட்டிட்டு அதே நெகட்டிவ்ல லேம்ப் வைங்க, இப்ப எரிஞ்சா காயில் பொழைச்சுது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தேடுங்க.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு சின்ன வளையற ஒயர் இருக்கும், இன்ஜின் உறிஞ்சறத வச்சு ஸ்பார்க் நேரத்த முன்னாடி தள்ற வேக்கம் அட்வான்ஸ் தட்ட அசைக்கும்போதெல்லாம் அதுவும் மடங்கி நிமிரும். வருஷக்கணக்கா மடங்கினதுல உள்ள செம்பு அறுந்துபோய் மேல இருக்கற பிளாஸ்டிக் மட்டும் முழுசா தெரியும். ஐடில்ல வண்டி நல்லா நிக்கும், ஆக்சிலேட்டர் குடுத்தா மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும், எல்லாரும் கார்புரேட்டர கழுவிக்கினு இருப்பாங்க. தட்ட கையால அசைச்சு ஒயர மெதுவா இழுத்துப் பாருங்க, ரப்பர் மாதிரி நீண்டுச்சுன்னா அதான்.

செல்ஃப் அடிக்கும்போது எடுக்குது, சாவிய விட்ட உடனே அணையுது, இதுக்கு காரணம் ஏறக்குறைய எப்பவும் ஒண்ணுதான். சில வண்டில காயிலுக்கு முன்னாடி பேலஸ்ட் ரெசிஸ்டர்னு ஒண்ணு வச்சு, ஓடும்போது குறைஞ்ச வோல்டேஜும் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் நேரா பேட்டரி கரண்டும் குடுப்பாங்க. அந்த ரெசிஸ்டர் எரிஞ்சு போனாலும், சாவி சுவிட்சுல ஓடற நிலைக்கான காண்டாக்ட் தேய்ஞ்சாலும் இதே மாதிரிதான் ஆகும். அவசரத்துக்கு ரெசிஸ்டர தாண்டி நேரா ஒயர் போட்டு வீடு வந்து சேரலாம், அப்படியே விட்டுட்டா காயிலும் பாயிண்ட்டும் சீக்கிரம் வெந்துடும். காயில் மாத்தும்போதும் இத பாருங்க, ரெசிஸ்டர் இல்லாத வண்டி காயில் பிரைமரில, அதாவது பாசிட்டிவ் நெகட்டிவ் ரெண்டு முனைக்கும் நடுவுல, சுமார் 3 ஓம் காட்டும், ரெசிஸ்டர் வச்ச வண்டிக்கான காயில் சுமார் 1.5 ஓம், கடைக்காரர் எத எடுத்து குடுத்தாலும் மீட்டர் வச்சுப் பார்த்து வாங்குங்க. ஒயர பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திப் போட்டாலும் வண்டி ஓடும், ஆனா ஸ்பார்க் வீக்கா இருக்கும், இது நிறைய பேருக்கு தெரியாது.

இப்ப நம்ம ஊர் வியாதிக்கு வரேன். வேலூர் வெயில பத்தி நான் சொல்லணுமா இன்னா, மே மாசம் 40 டிகிரி தாண்டறது சாதாரணம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்கு காலைல ஜம்முனு போன வண்டி, மத்தியானம் லோடோட திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நின்னுடும், முக்கால் மணி நேரம் மரத்தடில நின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்கும். இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒண்ணு, பெட்ரோல் பம்ப்லயோ குழாய்லயோ பெட்ரோல் சூட்டுல ஆவியாயி அடைச்சுக்கறது. இன்னொண்ணு, காயில் சூடாகி உள்ள இருக்கற மெல்லிசு கம்பி விரிஞ்சு விட்டுப்போறது, ஆறினா திரும்ப ஒட்டிக்கும். நின்ன உடனே, ஆறவிடாம, ஸ்பார்க் டெஸ்ட் பண்ணுங்க. நல்ல நீல ஸ்பார்க் இருந்தா பெட்ரோல் ஆவி, ஈரத்துணிய பெட்ரோல் பம்ப் மேல சுத்துங்க. ஸ்பார்க் இல்லன்னா அதே ஈரத்துணிய காயில் உடம்பு மேல சுத்துங்க, தண்ணி டெர்மினல்லயும் மூடிலயும் படாம பார்த்துக்கோங்க, கொஞ்ச நேரத்துல ஸ்பார்க் திரும்பிடுச்சுன்னா காயில் கதை முடிஞ்சுது. குளிர்ந்த காயில வீட்டுல மீட்டர் வச்சுப் பார்த்தா நல்லாத்தான் காட்டும், அந்த ரீடிங்க நம்பாதீங்க. இன்னொரு விஷயம், பாட்டு கேக்கறேன்னு இன்ஜின் ஓடாம சாவிய ஆன்லயே விட்டு வைக்காதீங்க, பாயிண்ட் மூடின நிலைல நின்னிருந்தா காயில்ல முழு கரண்டும் ஓடிக்கினே இருக்கும், அடுப்புல வச்ச மாதிரி வெந்துடும்.

பாயிண்ட் விஷயத்துக்கு வரலாம். ரெண்டு மூஞ்சும் சாம்பல் நிறத்துல சமமா இருந்தா நல்ல பாயிண்ட். ஒரு பக்கம் குழி, எதிர் பக்கம் மேடு, நீலமா கருகினாப்ல இருந்தா கண்டென்சர் சரியில்ல, பாயிண்ட் மட்டும் புதுசு போட்டா அதுவும் சீக்கிரம் அப்படியே ஆயிடும். லேசான அழுக்குன்னா அரத்தால ஒரே சமமா ரெண்டு இழுப்பு, அப்புறம் சுத்தமான தடி அட்டைய நடுவுல வச்சு இழுத்து துடைச்சிடுங்க. உப்புத்தாள் போடாதீங்க, அதோட மணல் துகள் மூஞ்சில பதிஞ்சு நிக்கும். கேம், அதாவது பாயிண்ட்ட தள்ளி திறக்கற மேடு, அதோட உச்சில பாயிண்ட் முழுசா திறந்து நிக்கும்போது ஃபீலர் விட்டு கேப் வைங்க, வில்லிஸ் கம்பெனி வழி வந்த இந்த ஜீப் இன்ஜினுக்கு 0.020 இஞ்ச், அதாவது சுமார் 0.5 மில்லி. பிளக் கேப் 0.030 இஞ்ச், சுமார் 0.75 மில்லி. ஃபீலர்ல எண்ணெய் இருந்தா துடைச்சுட்டு விடுங்க. கேம் மேல துளி கிரீஸ் போதும், ஜாஸ்தியானா சூட்டுல தெறிச்சு பாயிண்ட்லயே போய் ஒட்டும்.

பாயிண்ட் கேப் மாறினா டைமிங்கும், அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரமும் மாறிடும், கேப் பெருசானா முன்னாடி போகும், சின்னதானா பின்னாடி வரும். அதனால எப்பவும் பாயிண்ட் முதல்ல, டைமிங் அப்புறம். முதல் சிலிண்டர் பிளக்க கழட்டி ஓட்டைல கட்டை விரல வச்சு இன்ஜின கையால சுத்துங்க, காத்து விரல தள்ளுதுன்னா அது கம்ப்ரஷன், அங்க இருந்து மெதுவா புல்லி குறிய பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க, ஜீப் இன்ஜினுக்கு அதான் கணக்கு. சாவி ஆன், டெஸ்ட் லேம்ப் காயில் நெகட்டிவ்க்கும் எர்த்துக்கும் நடுவுல. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி, ரோட்டர் சுத்தற பக்கமாவே கொஞ்சம் திருப்பி லேம்ப அணைச்சுட்டு, அப்புறம் எதிர் பக்கமா மெதுவா திருப்பிக்கினு வாங்க, லேம்ப் எரிய ஆரம்பிக்கற அந்த நொடில நிறுத்தி போல்ட்ட டைட் பண்ணுங்க. டைமிங் லைட் இல்லாமலே இவ்வளவு சரியா வைக்கலாம். வேக்கம் குழாய வாயால உறிஞ்சினா உள்ள இருக்கற தட்டு நகரணும், நகரலன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, மைலேஜ் எங்க போவுதுன்னு தேடிக்கினு இருந்தவங்களுக்கு பதில் அங்க இருக்கும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பெட்ரோல் வண்டின்னா பாயிண்ட், கண்டென்சர் வேலை இல்ல, மாட்யூல்னு ஒரு டப்பாதான் அத பண்ணுது. அதுல பிளக் ஒயர எர்த் பண்ணாம அந்தரத்துல விட்டு செல்ஃப் அடிக்காதீங்க, மாட்யூல் செத்துடும். கனெக்டர்ல பச்சை பூத்திருக்கா, மாட்யூல் உட்கார்ந்திருக்கற எடத்துல எர்த் சுத்தமா இருக்கா, இத ரெண்டையும் பார்த்துட்டுதான் புது மாட்யூல பத்தியே யோசிக்கணும், ஏன்னா எலக்ட்ரிக் சாமான் கடைக்காரங்க திருப்பி வாங்க மாட்டாங்க.

சாமான் வாங்கறப்ப டப்பாவ பார்த்து ஏமாறாதீங்க. மைக்கோன்னு பேர் போட்ட பழைய ஸ்டாக் பிளக் எங்கயாவது கிடைக்கும், அந்த கம்பெனி 2008ல பாஷ்னு பேர் மாறிடுச்சு, அதனால அவ்வளவு பழசு உண்மையிலேயே அந்த காலத்து சரக்கான்னு எழுத்து, திரெட் எல்லாம் பார்த்து வாங்குங்க. வேலை செஞ்சிக்கினு இருந்த பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போடாம டேஷ்போர்டுல வைங்க, அத நம்பலாம், ஓடி காட்டின சாமான் அது.

எல்லாம் முடிச்சுட்டு காலி வண்டில ஊர் சுத்திப் பார்த்துட்டு ஓகேன்னு விட்டுடாதீங்க. கொஞ்சம் லோடு ஏத்தி ஒரு ஏத்தத்துல டாப் கியர்ல இழுக்க விடுங்க, ஏலகிரி பக்கம் போறவங்களுக்கு அங்க 14 கொண்டை ஊசி வளைவு இருக்குது, அத விட நல்ல டெஸ்ட் கிடையாது. கல்லு குலுக்கின மாதிரி கட கடன்னு சத்தம் வந்தா டைமிங் ஜாஸ்தி முன்னாடி இருக்குது, டிஸ்ட்ரிபியூட்டர ரோட்டர் சுத்தற பக்கமா ஒரு நூல் அளவு திருப்பி திரும்ப ஏத்திப் பாருங்க. சத்தமே இல்லாம, ஆனா இழுவையும் இல்லாம, இன்ஜின் மட்டும் சீக்கிரம் சூடாச்சுன்னா அதுக்கு எதிர் பக்கம் ஒரு நூல்.